படகின் வலப்பக்கத்து எழுத்து

மகனுக்கு அப்பா சொல்லி எழுதுவது.

வருஷத்துக்கு எண் போட்டுச் சொல்ல எனக்கு வராது. இந்தி வேண்டாமென்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தெருவுக்கு வந்த வருஷம். அது தை மாதம். அதே வருஷம் ஆவணியில் பாகிஸ்தானோடு சண்டை மூண்டு, ஆம்பூரில் ரேடியோ இருந்த டீக்கடை வாசலில் எல்லாம் கூட்டம் நின்றது. அரிசி கிடைக்காமல் ரேஷனில் கோதுமையை வாங்கி வந்து, அதைச் சோறாக ஆக்குவதா களியாகக் கிண்டுவதா என்று வீட்டுக்கு வீடு பெண்கள் பேசிக்கொண்டதும் அப்போதுதான். சண்டை நின்றபின் மழை பிடித்துக்கொண்டு, ஊருக்கு வெளியே இருந்த ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தது. பாலாற்றில்கூடக் கொஞ்ச நாள் தண்ணீர் ஓடியது. அந்த வருஷத்தில்தான் நான் படகு செய்தேன்.

படகுக் கதை உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். போன மாதம் உன் மகனுடைய நிச்சயதார்த்தத்தில் சம்பந்தி வீட்டாருக்கு அதைச் சொன்னாய். சத்தார் பாயின் தோளில் கையைப் போட்டு, “இவர்தான் எங்க உல்டா பாய். அந்தக் காலத்துலயே ரேடியோல ஓடுற படகு ஒண்ணு இருந்துது. அதுல ஒரு பக்கம் பேரை நேரா எழுதிட்டு, இன்னொரு பக்கம் கண்ணாடியில தெரியிற மாதிரி திருப்பி எழுதி வச்சவரு” என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். சத்தாரும் சிரித்தான். நான் இலையில் கை வைக்காமல் எழுந்து போய்விட்டேன். நீ அரக்கோணம் போய்ச் சேர்ந்ததும் போன் செய்து, சம்பந்தி வீட்டார் என்ன குறை வைத்தார்கள் என்று கேட்டாய். தலைசுற்றல் என்றேன். அது பொய். அவர்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. நீயும் தப்பு எதுவும் செய்யவில்லை, வீட்டில் கேட்டு வளர்ந்ததைத்தான் சொன்னாய். ஆனால் அந்தப் பக்கத்தைத் திருப்பி எழுதியவன் சத்தார் இல்லை. நான். கல்யாணத்துக்கும் அவன் வருவான், யாராவது மறுபடி கேட்பார்கள், நீ சொல்வாய், அவன் சிரிப்பான். அதற்கு முன்னால் உனக்கு இது தெரிய வேண்டும். போனில் சொல்ல நாக்கு எழவில்லை. எதிர்வீட்டு டீச்சரம்மாவை உட்கார வைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்வதை மாற்றாமல் எழுதுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. தோல் பதனிடுகிற டேனரியில் டிரம் ஆசாரியாக இருந்தேன். தோலையும் மருந்துத் தண்ணீரையும் போட்டுச் சுழற்றுகிற மர உருளைக்குத்தான் டிரம் என்று பேர். ஒரு அறை அளவு இருக்கும், உள்ளே ஆள் நிமிர்ந்து நிற்கலாம். அதன் பலகைகளைச் சீவிச் சேர்ப்பதும், ஊறி நைந்துபோனதைக் கழற்றி மாற்றுவதும் என் வேலை. வட்டமான பொருளைச் செய்கிற ஆசாரிக்கு ஒரு வழக்கம் உண்டு. தகட்டிலோ அட்டையிலோ ஒரு அச்சு வெட்டிக்கொள்வான். ஒரு பக்கத்துப் பலகைக்கு அச்சை வைத்துக் கோடு போடுவான், எதிர்ப் பக்கத்துக்கு அதே அச்சைப் புரட்டிப் போட்டுக் கோடு போடுவான். அப்போதுதான் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். புரட்ட மறந்தால் பலகை வீண். இது என் கையில் ஊறிப்போன விஷயம். இதை நினைவில் வைத்துக்கொள், பின்னால் வருவதற்கு இதுதான் காரணம்.

சின்ன முதலாளி சீமையில் தோல் படிப்பு முடித்து வந்த புதிது. வரும்போது ஒரு பெட்டி கொண்டுவந்தார். கையில் பிடிக்கிற இரும்புப் பெட்டி, அதிலிருந்து இழுத்து நீட்டுகிற நீளக் கம்பி, ஒரே ஒரு பொத்தான். கூடவே தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக இன்னொரு பெட்டி, சின்ன மோட்டார், பித்தளை விசிறி, படம் போட்ட காகிதம். சின்னப் பெட்டியைப் படகுக்குள் வைத்துவிட்டுக் கரையில் நின்று பொத்தானை அழுத்தினால் சுக்கான் திரும்பும் என்றார். திருப்புவது மின்சாரம் இல்லை. உள்ளே முறுக்கிவிட்ட ரப்பர் ஒன்று இருக்கும். ஒரு முறை அழுத்தினால் முறுக்கு ஒரு பல் அவிழ்ந்து சுக்கான் இடது பக்கம் போகும், விட்டால் நேராகும், அடுத்த முறை அழுத்தினால் வலது பக்கம். முன்பு எந்தப் பக்கம் திருப்பினோம் என்பதை மறந்தால் படகு நம் பேச்சைக் கேட்காது. சண்டை நடந்த மாதத்தில் பெரிய முதலாளி அந்தப் பெட்டியை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். இப்போது கம்பியை நீட்டிக்கொண்டு ஏரிக்கரையில் நின்றால், பாய் வீட்டுப் பிள்ளை பாகிஸ்தானுக்குச் சேதி அனுப்புகிறான் என்று ஊர் பேசும் என்று அவர் பயந்தார், அதில் நியாயம் இருந்தது. ஆகவே ரேடியோ பூட்டுக்குள் இருக்க, நான் படகை மட்டும் செய்தேன்.

படகு என் கைநீளத்துக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. பலகைக்கு நல்ல மரம் தேடி அலையவில்லை. வெளிநாட்டிலிருந்து தோல் பிளக்கிற மெஷின் வந்த பெட்டியின் பலகை, லேசானது, முடிச்சு இல்லாதது. அதைச் சின்னச் சின்னப் பட்டையாக இழைத்து, வெந்நீரில் ஊறப் போட்டு, விலா எலும்பு மாதிரி அடித்த சட்டத்தின் மேல் வளைத்துக் கட்டினேன். வஜ்ஜிரப் பசை தண்ணீரில் கரைந்துவிடும் என்பதால் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிச் சந்தெல்லாம் அடைத்தேன். படம் போட்ட காகிதத்தில் இருந்த இங்கிலீஷ் எழுத்து எனக்கு எறும்பு ஊர்வது போல. ஆனால் படம் புரிந்தது. அதைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு வேலை செய்வேன். வருகிறவர்கள் நான் அதைப் படித்துத்தான் செய்கிறேன் என்று நினைத்தார்கள். இல்லை என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. முதலில் பொய் சொல்லவில்லை, சும்மா இருந்தேன், அவ்வளவுதான். அப்படித்தான் தொடங்கியது.

உன் அம்மாவைப் பெண் கேட்டுப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது. உன் அம்மாவின் அப்பா வாலாஜாபேட்டையில் வாத்தியார். உன் அம்மா எட்டாவது படித்தவள். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்குக் கொடுப்பதில்லை என்று அவர் பிடிவாதமாக இருந்தார். பேச்சைக் கொண்டுபோன என் மாமா, பையன் அஞ்சாவது வரைக்கும் படித்தவன், சீமைக் காகிதத்தைப் பார்த்துப் படகே செய்கிறான் என்று சொல்லிவிட்டு வந்தார். நான் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. மாமாவிடம் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். “கல்யாணம் ஆனா அவளே சொல்லிக் குடுத்துட்டுப் போறா, நீ ஏன் பேஜார் ஆகுற” என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகத் தெரிந்தது. உன் அம்மாவைச் சோளிங்கர் திருவிழாவில் தூரத்திலிருந்து ஒரு முறை பார்த்திருந்தேன். அதற்குமேல் இதைப் பற்றி டீச்சரம்மாவிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

சத்தார் எங்கள் டேனரியில் மார்க்கா போடுகிறவன். மூட்டையாகக் கட்டிய தோல் பேல்களின் மேல், எந்தத் துறைமுகத்துக்கு, யாருடைய சரக்கு என்பதைக் கறுப்பு மையில் எழுதுகிற வேலை. மேல்விஷாரத்துக்காரன். உருது, தமிழ், இங்கிலீஷ் மூன்றிலும் அவன் எழுத்து அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். ஊரில் கடைப் பலகை எழுத வேண்டுமானாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அதில் அவனுக்குக் கர்வம் உண்டு. யார் எழுதிய போர்டைப் பார்த்தாலும் நின்று, இந்த எழுத்துக்கு வயிறு பெருத்திருக்கிறது, அந்த எழுத்துக்குக் கழுத்து இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வான். எனக்கு எழுத்து தெரியாது என்பது டேனரியில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். நாங்கள் ஒரே தட்டில் சாப்பிட்ட தோஸ்துகள்.

சண்டை நின்றதும் பீரோ திறந்தது. தோல் ஊறப்போடுகிற தொட்டியில் நல்ல தண்ணீர் பிடித்துப் படகை விட்டுப் பார்த்தோம். மிதந்தது, ஒழுகவில்லை. சின்ன முதலாளி குழந்தை மாதிரி ஆகிவிட்டார். பெயர் என்ன வைக்கலாம் என்று கேட்டபோது அவரே சொன்னார், ஆற்றில்தான் தண்ணீர் நிலைப்பதில்லை, பேராவது தண்ணியில் மிதக்கட்டும் என்று. பாலாறு. அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ஏரியில் விடுவதென்று முடிவாயிற்று. அந்த வெள்ளிக்கிழமையே வாத்தியாரும் பையனைப் பார்க்க வருவதாக மாமா ஆள் அனுப்பினார்.

வர்ணம் பூசுவது பலகை அடிப்பதைவிடப் பொறுமையான வேலை. மக்கு வைத்து, காயவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் பூசி, மறுபடி தேய்த்து, அதற்கப்புறம்தான் எனாமல். தண்ணீருக்குக் கீழே போகிற பகுதி சிவப்பு, மேலே வெள்ளை. வெள்ளையின் மேல் கறுப்பில் பெயர். சத்தார் மெல்லிய தகட்டில் பாலாறு என்று எழுத்து வெட்டிக் கொடுத்தான். தகட்டை வைத்து மேலே மையைத் தட்டினால் எழுத்து விழும். அன்று அவன் தங்கச்சிக்கு மேல்விஷாரத்தில் பிரசவம், போக வேண்டியிருந்தது. “தகடு இங்கயே இருக்கட்டும். வியாழக்கிழமை வந்து நானே அடிக்கிறேன், நீ தொடாத” என்று சொல்லிவிட்டுப் போனான்.

வியாழக்கிழமை அவன் வரவில்லை. நான் காத்திருந்திருக்கலாம். குமாஸ்தாவைக் கூப்பிட்டிருக்கலாம். பெயர் இல்லாமலே படகை விட்டிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் வாத்தியார் வரும்போது, எழுத்துகூட நான்தான் எழுதினேன் என்று சொல்ல வேண்டும் என்ற ஆசை எனக்கு. அதனால் தகட்டை எடுத்தேன். இடது பக்கம் வைத்து அடித்தேன், நன்றாக விழுந்தது. தகட்டை மண்ணெண்ணெயில் துடைத்தேன். வலது பக்கத்துக்கு வந்தபோது என் கை என்னைக் கேட்காமலே அதைப் புரட்டிப் போட்டது. முதல் எழுத்து இந்தப் பக்கம் படகின் மூக்கை ஒட்டி இருக்கிறது, அந்தப் பக்கமும் மூக்கை ஒட்டித்தானே இருக்க வேண்டும். பலகைக்கு அதுதான் சரி. எழுத்து பலகை இல்லை என்பது எனக்குத் தெரியாது. எழுந்து நின்று படகை மேலிருந்து பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று ஜோடியாக இருந்தன. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு.

வெள்ளிக்கிழமை படகைத் துணியில் சுற்றி, மார்போடு அணைத்து ஏரிக்குக் கொண்டுபோனேன். கரையில் சின்ன முதலாளி, அவர் நண்பர்கள், குமாஸ்தா, டேனரி ஆட்கள், என் மாமா. மாமாவுக்குப் பக்கத்தில் வெள்ளை வேட்டி, மூக்குக்கண்ணாடியோடு வாத்தியார். சத்தார் மேல்விஷாரத்திலிருந்து பஸ் பிடித்து நேராக அங்கே வந்து சேர்ந்தான். மருமகன் பிறந்திருக்கிறான் என்று எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தான், படகைச் சரியாகப் பார்க்கவில்லை. நான் தண்ணீரில் இறங்கி, இடது பக்கம் கரையைப் பார்க்கும்படி படகை வைத்து விட்டேன். மோட்டார் ஓடியது. படகு கரையை ஒட்டியே தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. வெள்ளையில் கறுப்பாக எழுத்து. வாத்தியார் சத்தமாகவே படித்தார், பாலாறு என்று. மாமா என்னைப் பார்த்துத் தலையாட்டினார். சின்ன முதலாளி பொத்தானை அழுத்தினார், தப்பான பக்கம் திரும்பியது, விட்டு மறுபடி அழுத்தினார், படகு வட்டம் அடித்துத் திரும்பி எங்களை நோக்கி வந்தது. வரும்போது அதன் வலது பக்கம் கரையைப் பார்த்தது.

முதலில் சிரித்தவர் குமாஸ்தா. “ஏன்யா, போறப்ப பாலாறா போச்சு, வர்றப்ப இன்னா அது, பூரான் மாதிரி?” என்றார். ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எழுத்தில் ஏதோ தப்பு என்பது மட்டும் புரிந்தது. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, படகைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “தம்பி, எழுத்து யார் எழுதினது?” என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். நான் முழங்கால் தண்ணீரில் நின்று படகின் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் சத்தார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

“நான்தாங்க வாத்தியாரே. எங்க உருதுல வலது பக்கத்துல இருந்துதான் ஆரம்பிப்போம். பழக்கம், கை அப்டியே போய்டுச்சு.”

கரையே சிரித்தது. மூன்று பாஷையிலும் முத்து மாதிரி எழுதுகிறவன் இப்படிச் செய்தான் என்பதால் அந்தச் சிரிப்பு இரண்டு மடங்கு. சின்ன முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “எல்லாத்தையும் உல்டா பண்ணிட்டியே. இன்னைலேர்ந்து நீ உல்டா சத்தார்” என்றார். வாத்தியாரும் சிரித்தார். நான் கரையேறியதும் என் தோளைத் தட்டி, படகு அருமை தம்பி என்றார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முகத்தைக் கழுவிக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

திரும்பும்போது நானும் சத்தாரும் படகைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தோம். அவனே கேட்டான்.

“வாத்தியார் சிரிச்சாரா?”

“சிரிச்சார்.”

“அப்ப பொண்ணு உனக்குத்தான். வாயைத் தொறந்து எதையும் கெடுத்துடாத. ஒரு நாள் சிரிப்பானுங்க, மறந்துடுவானுங்க.”

மறக்கவில்லை. அடுத்த வாரம் நான் ஒரு டிரம்முக்குள் உட்கார்ந்து நைந்த பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வெளியே பெரிய முதலாளியின் குரல். அவருக்கு வேடிக்கை பிடிக்காது. படகு விஷயம் அவர் காதுக்குப் போய், அதே கை பேல் மேலும் எழுதுகிறது என்பது அவருக்கு உறைத்திருக்கிறது. ஒரு மார்க்கா தப்பினால் சரக்கு எந்த ஊரில் போய் இறங்குமோ என்று பயந்துவிட்டார். சத்தாரைக் கோபமாகத் திட்டவில்லை, நிதானமாகவே சொன்னார். கொஞ்ச நாளைக்கு மார்க்காவை வேறு ஆள் பார்க்கட்டும், நீ சுண்ணாம்புக் குழிக்குப் போ என்றார். நான் உள்ளே இருப்பது சத்தாருக்குத் தெரியும். என் சுத்தியலைக் கொஞ்சம் முன்னால்தான் அவன் எடுத்துக் கொடுத்திருந்தான். ஒரு பலகை இடைவெளிதான் எங்களுக்கு நடுவில். வெளியே வந்து, ஐயா அது நான் செய்தது என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். நான் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தேன். “சரி சாப்” என்று சத்தார் சொன்னது கேட்டது. அவர்கள் இரண்டு பேரும் போன பிறகும் நான் ரொம்ப நேரம் டிரம்முக்குள்ளேயே இருந்தேன்.

சுண்ணாம்புக் குழி என்றால் உனக்குத் தெரியாது. மயிர் உதிர்வதற்காகத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் போட்டுப் புரட்டுகிற இடம். அதில் நிற்பவன் விரல் நுனி முதலில் வெளுக்கும், பிறகு வெடிக்கும். எண்ணெய் தேய்த்தால் கொஞ்சம் ஆறும், மறுநாள் குழியில் இறங்கினால் திரும்ப வெடிக்கும். கொஞ்ச நாள் என்று சொன்ன பெரிய முதலாளி அதை மறந்துவிட்டார். சத்தார் போய் ஞாபகப்படுத்தவில்லை. அவனுக்காக நான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். தை பிறக்கட்டும், கல்யாணம் முடியட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தையில் கல்யாணம் முடிந்தது. பிறகு, இப்போது போய்ச் சொன்னால் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பார்களே என்று தோன்றியது. எந்தக் காரணம் தீர்ந்தாலும் இன்னொரு காரணம் தயாராக இருந்தது.

படகு ஆபீஸில் கண்ணாடி அலமாரிக்குள் இருந்தது. மழைக்காலத்தில் ஏரி நிரம்பினால் சின்ன முதலாளி அதை விடுவார், அதற்கு முன்னால் அதைச் சீர் செய்வது என் பொறுப்பு. வேலூர்ப் பக்கத்து வெயிலில் பலகை சுருங்கிச் சந்து விடும், குங்கிலியம் திரும்ப அடைக்க வேண்டும். சுக்கானைத் திருப்புகிற ரப்பர் கோடையில் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும், அதற்கு விளக்கெண்ணெய் தடவி, முடியாவிட்டால் மாற்ற வேண்டும். விசிறித் தண்டு போகிற குழாயில் கிரீஸ் அடைக்க வேண்டும். ஓடி முடிந்ததும் மூடியைத் திறந்து வைத்து உள்ளே ஈரம் போகக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் ரேடியோ கெட்டுவிடும். இதெல்லாம் எனக்குப் பிடித்த வேலைகள். வர்ணம்தான் பிடிக்காது. வெள்ளை மங்கியபோது, வலது பக்கத்தைச் சுரண்டிவிட்டுச் சத்தாரைக் கூப்பிட்டு நேராக எழுதச் சொல்லலாமா என்று சின்ன முதலாளியைக் கேட்டேன். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு அதைக் காட்டித்தான் சிரிக்க வைக்கிறேன், அதை மட்டும் தொடாதே என்றார். ஆகவே வெள்ளையைப் புதுப்பித்துவிட்டு, தகட்டை எடுத்து, இந்த முறை தெரிந்தே புரட்டி வைத்து, அந்தத் தப்பான எழுத்தை நானே திரும்ப எழுதினேன். ஒரு தடவை நான் அப்படி உட்கார்ந்திருக்கும்போது சத்தார் குழியிலிருந்து தண்ணீர் குடிக்க வந்தான். பின்னால் நின்று பார்த்தான். “லாவுக்குக் கால் கோணிட்டிருக்கு பாரு, தொடச்சிட்டு நேரா போடு” என்று அந்த இடத்தைக் காட்டினான். துடைத்துவிட்டுப் போட்டேன். அவன் கேலியாகச் சொல்லவில்லை. எழுத்து எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் கோணலாக இருப்பது அவனுக்குப் பொறுக்காது.

இதுவரை சொன்னதெல்லாம் பயத்தில் செய்தது என்று நீ என்னை மன்னித்தாலும் மன்னிக்கலாம். இனிமேல் சொல்வதற்குப் பயம்கூடக் காரணம் இல்லை. கல்யாணமான முதல் ஆடிக்கு உன் அம்மா வாலாஜாபேட்டைக்குப் போனாள். போனவள் எனக்குக் காகிதம் எழுதினாள். அதை எடுத்துக்கொண்டு நான் போனது சத்தாரிடம். அவன் குழிக்குப் பக்கத்தில் கல்லின் மேல் உட்கார்ந்து எனக்குப் படித்துக் காட்டினான். அந்தரங்கமான இடங்களில் குரலைத் தணித்துக்கொண்டான். பதிலையும் அவனே எழுதினான். வெடித்த விரலில் பேனா நிற்கவில்லை, நடுவிரலுக்கும் அதற்கடுத்ததற்கும் இடையில் செருகிக்கொண்டு எழுதினான். அப்படியும் எழுத்து அழகாகவே இருந்தது.

ஆடி முடிந்து வந்ததும் உன் அம்மா அந்தக் காகிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு, உங்க கையெழுத்து எங்கப்பா கையெழுத்தைவிட நல்லா இருக்கு என்றாள். எனக்கு மனசு உடைந்துவிட்டது. எனக்கு எழுத்து தெரியாது என்பதைச் சொல்லிவிட்டேன். அழுவாள், அப்பாவுக்குச் சொல்லி அனுப்புவாள் என்று எதிர்பார்த்தேன். காகிதங்களை ஒவ்வொன்றாக மடித்து வைத்தாள். பிறகு, “முன்னாடியே சொல்லியிருந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?” என்றாள். அவ்வளவுதான். நான் எதற்காகச் சத்தாரைக் குழிக்கு அனுப்பினேனோ அந்தப் பயம் ஒன்றுமில்லாமல் போயிற்று. உடனே அவள் கேட்டாள், “அப்ப இதை யாரு எழுதினது?”

“சத்தாரு.”

“படகுல தலைகீழா எழுதினாரே, அவரா? இவ்ளோ நல்லா எழுதுறவரு எப்டி அதை மட்டும் அப்டி எழுதினாரு?”

அவள் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கதவு திறந்தே இருந்தது. எனக்கு எழுத்து தெரியாது என்பதை ஏற்றுக்கொண்டவள் இதையும் ஏற்றுக்கொண்டிருப்பாள். இழக்க எனக்கு எதுவுமே இல்லை. இருந்தும் சொன்னேன், “அன்னிக்கு அவனுக்கு இன்னா ஞாபகமோ” என்று. ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். எழுத்து தெரியாதவன் என்று அவள் நினைத்தால் தாங்கிக்கொள்ளலாம். தோஸ்தைக் குழியில் இறக்கிவிட்டு டிரம்முக்குள் பதுங்கியிருந்தவன் என்று நினைத்தால் தாங்க முடியாது என்று இருந்திருக்கும். உன் அம்மா எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தாள். நான் கற்றுக்கொள்ளவில்லை. சிலேட்டைக் கையில் எடுத்தால் எனக்கு அந்த வலது பக்கம்தான் தெரிந்தது. சோம்பேறி என்று திட்டி விட்டுவிட்டாள்.

அன்றிலிருந்து சாகும்வரை அவள் அவனை உல்டா அண்ணன் என்றுதான் கூப்பிட்டாள். பாசமாகத்தான். ரம்ஜானுக்கு அவன் வீட்டிலிருந்து பிரியாணி வரும், பொங்கலுக்கு இவள் வெல்லம் போட்டுப் பொங்கல் வைத்து அனுப்புவாள். அவள் மடியில் வளர்ந்த நீயும் அந்தப் பேரைத்தான் கற்றாய். நீ சின்னப் பையனாக அவன் வீட்டு வாசலில் நின்று உல்டா மாமா என்று கத்தும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். டேனரி கைமாறிப் படகு எங்கே போனதென்று தெரியாமல் போனது. சத்தார் மேல்விஷாரத்தில் மச்சான் டீக்கடையில் போய் உட்கார்ந்தான். அங்கேயும் அந்தப் பேர் அவனுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. கடைக்குப் பலகை எழுத வேண்டி வந்தபோது மச்சான் வேறு ஆளைக் கூப்பிட்டான். அவன் கை அப்போது தூரிகை பிடிக்கிற நிலையில் இல்லை என்பது ஒரு பக்கம். உல்டா எழுதுவான் என்று மச்சான் சிரித்துக்கொண்டே சொன்னானாம். சத்தாரே இதை என்னிடம் சொன்னான், வேடிக்கை போல. ஒரு தடவைகூட, நீ சொல்லியிருக்கலாமே என்று அவன் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

உன் வீட்டுக்கு மருமகள் வரப்போகிறாள். உன் மகனிடம் சொல், தனக்கு எது தெரியாதோ அதை அவளிடம் முதல் நாளே சொல்லிவிடட்டும். அது பெரிய விஷயமாக இருக்காது, நாம்தான் பெரிதாக்கிக்கொள்கிறோம். இன்னொன்று. உனக்காக வேறொருவர் தலை குனிகிற சமயம் வரும். அந்த நேரத்தில் வாய் அடைத்துக்கொண்டால் அது மனுஷ சுபாவம். அடுத்த நாள் போய்ச் சொல்லிவிடு. அடுத்த நாள் சொல்லாவிட்டால் அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் அதை நீயேதான் மறுபடி மறுபடி செய்தவன் ஆவாய். கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாருக்கு நீ அந்தக் கதையைச் சொல்லத்தான் வேண்டும். சரியாகச் சொல். டிரம் ஆசாரி, எழுத்து தெரியாதவன், தகட்டைப் புரட்டி வைத்தான், தோஸ்த் தன் தலையில் போட்டுக்கொண்டான், ஆசாரி வாயைத் திறக்கவில்லை என்று சொல். நான் அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பேன், எழுந்து போக மாட்டேன்.

ஆனால் சொல்ல வேண்டியவர்களுக்கு இனிச் சொல்ல முடியாது. முதலில் சிரித்த குமாஸ்தா நான் பார்க்கவே போய்விட்டார். பெரிய முதலாளி போனார், அவருக்குப் பின்னால் சின்ன முதலாளியும் மெட்ராஸில் போய்ச் சேர்ந்தார். என் மாமா போனார். என் தோளைத் தட்டிய வாத்தியார், மருமகன் எழுத்து தெரியாதவன் என்பது கடைசிவரை தெரியாமலே போனார். உன் அம்மா போய் இந்த ஆடியோடு நாலு வருஷம். அன்றைக்கு அந்த ஏரிக்கரையில் நின்றவர்களில், என்னைத் தவிர, எனக்குத் தெரிந்து உயிரோடு இருப்பது ஒரே ஒருவன். நான் எதையும் சொல்லத் தேவையில்லாமல் எல்லாம் தெரிந்தவன். மேல்விஷாரத்தில் மகள் வீட்டில் இருக்கிறான். அப்துல் சத்தார்.